வைக்கோல் தண்ணீர், ஒரு துளி நீலம், கொஞ்ச வெயில்: தாப்பைனரின் பரிசோதனையை வீட்டு முற்றத்தில் செய்வது எப்படி

முதலில் ஒரு பிடி வைக்கோல் வேண்டும். எனக்கு அதைத் தம்பலகாமத்திலிருந்து எருமைத் தயிர் கொண்டுவருகிறவர் தருவார். சட்டிகள் ஒன்றோடொன்று முட்டி உடையாமலிருக்க இடையில் திணித்துவரும் வைக்கோல்தான். "மாடும் இல்லை, இதை வைச்சு என்ன செய்யிறீங்கள் ரீச்சர்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "தண்ணியில ஊறப்போட்டுப் பூச்சி வளர்க்கிறன் தம்பி" என்றால் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நான் சொல்வதில் பொய்யில்லை.

29 வருஷம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். வீடு திருகோணமலை நகரத்து உவர்மலையில். தரம் 10, 11 பிள்ளைகளோடு செய்த பரிசோதனைகளில் ஓய்வுக்குப் பிறகும் கைவிடாதது இது ஒன்றுதான். சின்ன உயிர்கள் நீந்தும் தண்ணீரில் ஒரு துளி சாயம் விடுகிறோம். சாயம் மட்டும் பட்டவை நீந்திக்கொண்டிருக்கும். வெயில் மட்டும் பட்டவையும் நீந்தும். இரண்டும் சேர்ந்து பட்டவை செத்துப்போகும். இதைக் கண்டு 1900இல் எழுதி வெளியிட்டவர் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர். அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஃபொன் தாப்பைனர். இன்றைக்குச் சில புற்றுநோய்களுக்கு மருந்தை உடலில் ஏற்றிவிட்டு அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார்களே, அந்தச் சிகிச்சையின் வேர் இவர்களுடைய கண்ணாடிக் கிண்ணங்களில்தான் இருக்கிறது.

செய்முறையை ஒரு பக்கமும் தாப்பைனரின் கதையை மறுபக்கமும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. வகுப்பிலும் கலந்துதான் சொன்னேன். இங்கும் அப்படியே.

வைக்கோல் தண்ணீர்

வைக்கோலை விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு லீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தேத்தண்ணி நிறம் வரும். ஆறியதும் வாய் அகன்ற போத்தலில் வைக்கோலோடு ஊற்றி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி 2 நாள் நிழலில் வையுங்கள். அந்த 2 நாளில் பக்டீரியா பெருகும். நாம் வளர்க்கப்போகிற உயிருக்கு அதுதான் சாப்பாடு.

தண்ணீர் விஷயத்தில் கவனம். எங்கள் நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளக்கோட்டன் கட்டுவித்த குளம் என்று ஊரே பெருமையாகச் சொல்லும், ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் கலந்திருக்கிறது. ஒரு நாள் வாளியில் திறந்துவைத்த பிறகு எடுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறு என்றால் நாக்கில் வைத்துப் பார்த்து, உவர்ப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீர் பிடித்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் நாள், குளத்திலோ வயல் வாய்க்காலிலோ இலை அழுகிக் கிடக்கும் கரையோரமாக அரைக் கோப்பை தண்ணீரைச் சேற்றோடு அள்ளிவந்து போத்தலில் விடுங்கள். குளத்தில் இறங்குமுன் முதலை நடமாட்டம் இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளை அனுப்பாமல் நீங்களே போங்கள்.

பிறகு 7 முதல் 10 நாள் காத்திருக்க வேண்டும். போத்தல் நாறும். மேலே பால் ஆடைபோல ஒன்று படரும். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பரிசோதனையின் மிகக் கடினமான பகுதி. என்னுடைய முதல் போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவைத்தது என் மாமியார். அன்றிலிருந்து போத்தலில் "கொட்டாதேங்கோ" என்று எழுதி ஒட்டுகிறேன்.

ஆடைக்குச் சற்றுக் கீழே, கண்ணாடி ஓரமாகப் பாருங்கள். போத்தலுக்குப் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துப் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்தால், உப்புத் தூளைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தூசி என்றால் மிதந்து கீழே இறங்கும். இவை மேலேயும் குறுக்கேயும் போகும், முட்டினால் பின்வாங்கித் திரும்பும். அதுதான் பரமீசியம். பெரியவை கால் மில்லிமீற்றர் வரை வரும், அதனால் கைவில்லையே போதும். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் நுணுக்குக்காட்டியின் கண்ணாடி உடைந்து 4 வருஷம் அப்படியே கிடந்தது, நாங்கள் கைவில்லையையும் கறுப்புத் துணியையும் வைத்தே முழுப் பரிசோதனையையும் செய்து முடித்தோம். நுணுக்குக்காட்டி கிடைத்தால் செருப்பு வடிவத்தில் உருண்டு உருண்டு போவதைப் பார்க்கலாம். அழகான காட்சி.

இந்த இடத்தில் நான் எப்போதும் மாட்டைப் பற்றிச் சொல்வேன். தாப்பைனர் 1847இல் மெரானில் பிறந்தவர். அப்போது அது ஒஸ்திரியாவின் திரோல், இப்போது இத்தாலி. தகப்பன் ஃபிரான்ஸ் தாப்பைனரும் மருத்துவர். அந்த ஊரில் மலைச்சரிவில் போகும் ஒரு நடைபாதைக்கு இன்றும் அவருடைய பெயர்தான். மகன் ஒளிப்பக்கம் வருவதற்கு முன், 1880களில், மாடு தின்னும் வைக்கோல் வயிற்றுக்குள் என்னவாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். செலுலோசு நொதிக்கும்போது மீதேன் வாயு உண்டாவதைப் பற்றி எழுதியவர்களில் அவரும் ஒருவர். உங்கள் போத்தலிலும் வைக்கோல் இடுக்கிலிருந்து குமிழிகள் வரும். மாட்டு வயிற்றில் நடப்பதற்கு அது தூரத்துச் சொந்தம்.

சரி, மருந்தியல் பேராசிரியருக்குப் பரமீசியம் எதற்கு? மலேரியாவுக்காக. மலேரியாக் கிருமியும் ஒற்றைக் கலம், பரமீசியமும் ஒற்றைக் கலம். குயினைன் போல வேலைசெய்யும் வேறு பொருட்கள் உண்டா என்று பார்க்கக் கையில் சுலபமாகக் கிடைத்த உயிர் இது. தாரிலிருந்து எடுக்கும் அக்ரிடின் என்ற பொருளை எவ்வளவு கரைத்தால் எவ்வளவு நேரத்தில் பரமீசியம் சாகிறது என்று அளக்கச் சொல்லி ராபிடம் கொடுத்தார். 1897 முடிந்து 1898 பிறக்கும் குளிர்காலம் அது. எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சின்ன வயதில் எனக்கு இரண்டு தடவை மலேரியா வந்தது, குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2016இல்தான் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிறகு வந்த பிள்ளைகளுக்கு மலேரியா பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல் மட்டும்.

நீலம்

ராப் பயன்படுத்திய அக்ரிடினைத் தேடி அலைய வேண்டாம், அது வீட்டில் வைத்திருக்கும் பொருளும் இல்லை. நாங்கள் எடுப்பது மெதிலீன் நீலம். அலங்கார மீன் விற்கும் கடைகளில் சின்னப் போத்தலில் கிடைக்கும், மீனுக்குப் பூஞ்சணம் பிடித்தால் விடுவது. இதற்கும் மலேரியாவுக்கும் பழைய உறவு உண்டு. 1891இலேயே எர்லிக், குட்மன் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் மலேரியா நோயாளருக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

போத்தலில் 1 வீதம் என்று எழுதியிருந்தால், ஒரு துளியை 50 மில்லிலீற்றர் தண்ணீருக்குக் கணக்கிடுங்கள். ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கு வரும். வீதம் எழுதியிராவிட்டால் கண்ணால் பாருங்கள். கண்ணாடிக் குவளையில் கலந்து அதன் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து வடிவாக வாசிக்க வேண்டும். ஊதா மையாகத் தெரிந்தால் கூடிவிட்டது. கூடினால் இருட்டிலேயே செத்துப்போகும், பிறகு வெயிலைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

கையுறை போடுங்கள். பழைய உடுப்பு உடுத்துங்கள். நல்ல சாரி ஒன்றை நான் இப்படித்தான் வேலைக்காரச் சாரியாக்கினேன். பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. சாயப் போத்தலை அலுமாரிக்குள் வையுங்கள், ஜன்னலோரம் வேண்டாம்.

நான்கு கிண்ணங்கள்

ஒரே மாதிரியான, தட்டையான, நிறமில்லாத கண்ணாடிக் கிண்ணங்கள் 4. பெத்திரிக் கிண்ணம் இல்லாவிட்டால் புடிங் கிண்ணம் போதும். வைக்கோல் தண்ணீரின் மேற்பகுதியை மெதுவாக உறிஞ்சி எடுத்து, ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் எல்லாவற்றிலும் ஒரே அளவு விடுங்கள். நிழலில் வைத்து இரண்டில் மட்டும் சாயத்தைக் கலந்து, ஒரு மரப்பெட்டிக்குள் 10 நிமிடம் விடுங்கள். சாயம் உள்ளே போகட்டும்.

அப்புறம் சாயம் விட்டதில் ஒன்றையும் விடாததில் ஒன்றையும் அலுமினியத் தாளால் மேலும் கீழும் வெளிச்சம் புகாமல் சுற்றுங்கள். ஆக, சாயமும் வெயிலும், சாயம் மட்டும், வெயில் மட்டும், இரண்டும் இல்லாதது என நான்கு. நான்கையும் ஒரே தட்டத்தில், ஒரே வெயிலில் வைக்க வேண்டும். "இருட்டுக் கிண்ணத்தை அலுமாரிக்குள் வைத்தால் போதாதா ரீச்சர்?" என்று வருஷத்துக்கு ஒருவர் கேட்பார். போதாது. அலுமாரிக்குள் குளிர், வெளியில் சூடு. பிறகு எது கொன்றது என்று யாரால் சொல்ல முடியும்?

இந்தச் சூடு மியூனிக்கில் ராபுக்கு இருந்திராத தலையிடி. எங்கள் ஊர் வெயிலில் தட்டையான கிண்ணத்துத் தண்ணீர் அரை மணித்தியாலத்தில் சுடத் தொடங்கிவிடும், 40 பாகை செல்சியசைத் தாண்டினால் பரமீசியம் சாயமில்லாமலே சாகும். என்னுடைய இரண்டாவது முயற்சியில் நான்கு கிண்ணமும் செத்தது இப்படித்தான். அதனால் தட்டத்தில் கிண்ணத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுங்கள். வெப்பமானி இருந்தால் 30 பாகையை ஒட்டியே வைத்திருக்கலாம். காலை 9 மணியிலிருந்து 10.30 வரை நல்ல நேரம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் அலுமினியத் தாளும் போகும் தட்டமும் போகும். கிண்ணத்தின் மேல் தட்டையான கல் ஒன்றை வைத்துத்தான் நான் சமாளிக்கிறேன், சுற்றிய கிண்ணங்களின் மேல் மட்டும்.

5 நிமிடத்துக்கு ஒரு தடவை சாயமும் வெயிலும் பட்ட கிண்ணத்திலிருந்து ஒரு துளி எடுத்துப் பாருங்கள். முதலில் ஓட்டம் கூடும், நெருப்பில் நடக்கிற மாதிரி அங்குமிங்கும் ஓடும். பிறகு ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கும். பிறகு நின்றுவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உடல் உருண்டு, ஓரம் கொப்புளித்து, கடைசியில் உடைந்து சிதறுவது தெரியும். என் கொப்பியில் ஒரு ஆவணி மாதத்து நாளில் 12 நிமிடத்தில் பாதிக்கு மேல் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறேன். அதே நேரம் சுற்றிவைத்த நீலக் கிண்ணத்தில் நீலம் ஏறிய உடம்போடு நீந்திக்கொண்டிருந்தன. உங்களுக்கு இதே நிமிடக் கணக்கு வர வேண்டுமென்றில்லை. சாயம், வெயில், தண்ணீரின் கலங்கல் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும்.

இருட்டுக் கிண்ணத்தைப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் பார்ப்பதற்கு அடிக்கும் வெளிச்சமும் வெளிச்சம்தான். நுணுக்குக்காட்டி விளக்கின் கீழே துளியை வைத்து ரசித்துக்கொண்டிருந்தால் இருட்டில் நன்றாக இருந்தது உங்கள் கண் முன்னாலேயே சாகத் தொடங்கும். ஒரு துளி எடு, கெதியாகப் பார், எழுது, துளியை எறி. பார்த்த துளியைக் கிண்ணத்தில் திரும்ப விடக்கூடாது.

இன்னொன்று. சில வேளை தாளைப் பிரித்தால் கிண்ணத்தின் அடியில் நீலமே இருக்காது. பிள்ளைகள் "சாயம் ஓடிட்டுது" என்பார்கள். ஓடவில்லை. பக்டீரியா அதிகமாகி ஒட்சிசன் குறைந்த இடத்தில் மெதிலீன் நீலம் நிறமற்ற வடிவத்துக்கு மாறிவிடும். கிண்ணத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள், காற்றுப் பட்டதும் நீலம் திரும்ப வரும். இது நடந்தால் உங்கள் வைக்கோல் தண்ணீர் மிகவும் தடித்திருக்கிறது என்று பொருள். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி தொடங்குங்கள்.

நேரமிருந்தால், பரிசுப் பொதி சுற்றும் செலோபேன் தாளில் சிவப்பும் பச்சையும் வாங்கி, நீலக் கிண்ணங்களை ஒவ்வொன்றாலும் மூடிப் பாருங்கள். மெதிலீன் நீலம் விழுங்குவது சிவப்பொளியை, அதனால்தான் அது நமக்கு நீலமாகத் தெரிகிறது. சிவப்புத் தாளின் கீழே சாவு அதிகம் பிந்தாது. பச்சைத் தாளின் கீழே நன்றாகப் பிந்தும்.

கார்த்திகையில் தோற்றது

ஆவணியில் மூன்று தடவை பழகி, மூன்று தடவையும் வடிவாக வந்தது. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி கார்த்திகை மாதம். விளக்கப் பலகையில் தாப்பைனரின் கதையைப் பிள்ளைகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தக் கதையின் நடுப்பகுதி இதுதான்: ராப் ஒரே செறிவில், ஒரே அக்ரிடினை வைத்து அளந்தும் ஒரு நாள் கணக்கு இன்னொரு நாள் கணக்கோடு பொருந்தவில்லை. ஒரு நாள் கெதியாகச் செத்தவை இன்னொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. கரைசல் பிழையில்லை, சூடும் பிழையில்லை. மற்ற நாள் வெளியில் இடியும் மழையுமாக இருண்டு கிடந்தது என்பதுதான் வித்தியாசம். வெளிச்சத்தைச் சந்தேகித்தது அந்த இடத்தில்தான்.

இதை எழுதி ஒட்டிவிட்டு அதன் கீழேயே மேசையைப் போட்டு, மாரி முகில் மூடிய காலையில் ஜன்னலோரம் தட்டத்தை வைத்தோம். நடுவராக வந்த சேர் கைவில்லையைக் கண்ணில் வைத்தார். பரமீசியங்கள் நீலமாக, உற்சாகமாக நீந்திக்கொண்டிருந்தன. 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணித்தியாலம். நான் சாயம் பழுதாகிவிட்டது என்று முணுமுணுத்தேன், மீன் கடைக்காரரையும் மனதுக்குள் திட்டினேன். அப்போது பாலையூற்றிலிருந்து வரும் ஒரு பிள்ளை என் சாரித் தலைப்பை மெல்ல இழுத்து, "ரீச்சர், இண்டைக்கு வெயில் எங்க?" என்றாள்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பலகையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் வேண்டுமென்றே ஒரு முகில் நாளிலும் செய்யச் சொல்கிறேன்.

கிண்ணத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு

அக்ரிடின் வெளிச்சத்தில் ஒருவிதமாக மின்னும் பொருள். அந்த மினுமினுப்புத்தான் கொல்கிறது என்று முதலில் நினைத்தார்கள். தாப்பைனர் அதோடு நிற்கவில்லை. யோட்ல்பவர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஒட்சிசன் இல்லாத இடத்தில் இந்த வேலை நடப்பதில்லை என்று காட்டினார். சாயம், ஒளி, ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து நடப்பதால் வெறும் ஒளியின் வேலையிலிருந்து பிரித்துக்காட்ட 1904இல் அதற்குத் தனிப் பெயரும் வைத்தார். தமிழில் ஒளியியக்கத் தாக்கம் எனலாம். சாயம் ஒளியின் சக்தியை வாங்கி ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது, வெறிகொண்ட அந்த ஒட்சிசன் பக்கத்திலிருக்கும் கலத்தின் மென்சவ்வைப் பிய்க்கிறது என்று நாம் இப்போது சொல்கிறோம்.

1903இலேயே அவரும் யெசியோனெக் என்ற தோல் மருத்துவரும் தோல் புற்றுநோயின்மேல் இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பூசி ஒளியில் காட்டிப் பார்த்தார்கள். அதே வருஷம்தான் தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை செய்த டென்மார்க்கின் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபின்சன் கொடுத்தது ஒளி மட்டும். தாப்பைனர் மருந்தியலாளர், அவர் ஒளியையும் சாயத்தையும் சேர்த்து ஒரே மருந்தாகப் பார்த்தார். எனக்கு இந்த இருவரில் தாப்பைனரைத்தான் பிடிக்கும், நோபல் கிடைத்தவரை எல்லாருக்கும் பிடிக்கும்தானே.

1912இல் மாயர்பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஹீமட்டோபோர்பிரின் என்ற, ஒளி பட்டால் இதேபோல வேலைசெய்யும் பொருளை 200 மில்லிகிராம் தன் உடம்பிலேயே ஊசியால் ஏற்றிவிட்டு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கிப்போயின. வாரக்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியவில்லை. வீங்கிய முகத்தின் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதே குடும்பத்துப் பொருளை வைத்து 1970களில் அமெரிக்காவின் பஃபலோவில் தோமஸ் டோகர்ட்டி புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வேலைசெய்தார், அதிலிருந்து வந்த மருந்து 1993இல் முதலில் கனடாவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலில் படாமல் இருக்க வேண்டும். தாப்பைனர் 1927இல் மியூனிக்கில் இறந்தார், இது எதையும் பார்க்கவில்லை.

தேசிக்காய்

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது "இது எங்களுக்கும் நடக்குமா?" என்றுதான். என் வலது கையைக் காட்டுவேன். ஒரு பங்குனி மாதம், ஊறுகாய்க்கு 100 தேசிக்காய் பிளந்து உப்புத் திணித்து, கையைச் சும்மா துடைத்துக்கொண்டு மாடியில் காயவைக்கப் போனேன். முழுக் காலையும் அங்கேதான். இரண்டாம் நாள் விரல்களின் பின்புறம் சிவந்து கொப்புளித்தது. சாறு மணிக்கட்டுவரை வழிந்த பாதை அப்படியே ஒரு கோடாக, பிறகு கறுத்த தழும்பாகப் பல மாதம் இருந்தது. தேசிக்காய்த் தோலில் வெயிலோடு சேர்ந்து சுடும் பொருட்கள் இருக்கின்றன. அவை வேலைசெய்யும் வழி வேறு, ஒட்சிசனை நம்பியிருப்பதில்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். சாறு மட்டும் பட்டால் ஒன்றுமில்லை, அந்தளவு வெயில் மட்டும் பட்டாலும் ஒன்றுமில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மாடிக்குப் போங்கள், அவ்வளவுதான்.

வயல் செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். எலிக்காய்ச்சல் வராமலிருக்க விதைப்புக் காலத்தில் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையும் சிலருக்கு வெயிலில் தோலைச் சுடும். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், எலிக்காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்து, நீளக்கை சட்டையும் தொப்பியும் போட்டு வயலில் இறங்கச் சொல்லுங்கள். தோல் சிவந்தால் மாத்திரை தந்தவரிடம் காட்டட்டும்.

வெண்புள்ளிக்குக் கார்போகரிசி எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களும் உண்டு. கார்போகரிசியும் வெயிலோடு சேர்ந்துதான் வேலைசெய்யும், சித்த வைத்தியத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் எவ்வளவு பூசுவது, எத்தனை நிமிடம் நிற்பது என்று வைத்தியர் சொல்லாமல் செய்யாதீர்கள். வெந்துபோன கன்னத்தோடு ஒரு மாணவி வகுப்புக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டுவதும் எழுதுவதும்

முடிந்ததும் நீலத் தண்ணீரை ஒரு வாளி தண்ணீரில் கலந்து முற்றத்து மண்ணில் ஊற்றுங்கள். கிணற்றடியிலும் மீன் தொட்டிப் பக்கமும் வேண்டாம். கிண்ணங்களைக் கொதிநீரில் கழுவுங்கள். குசினித் தொட்டியில் கழுவினால் நீலக் கறை போகாது, பிறகு வீட்டில் பேச்சுத்தான்.

கொப்பியில் திகதி, நேரம், சாயத்துளி, தண்ணீரின் சூடு, நின்றுபோனவற்றின் கணக்கு என்று 5 நிரல் போடுவது வழக்கம். அந்தக் கண்காட்சிக்கு அடுத்த நாள் பாலையூற்றுப் பிள்ளை ரூலர் வைத்து ஆறாவது நிரல் ஒன்று கீறி, மேலே "வானம்" என்று எழுதி, முதல் நாள் கணக்கையும் தானே நிரப்பிவைத்திருந்தாள். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வரி இப்படி: காலை 9.40. ஒரு துளி. 27 பாகை. ஒரு மணித்தியாலம், ஒண்டும் சாகவில்லை. முழு முகில்.